பெயர் வெட்டிய பாத்திரம் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறது

அடி தாங்க முடியாமல் வீட்டைவிட்டு வெளியேறுகிற பெண் கையில் என்ன இருக்கும்? பிள்ளைகள் இருப்பார்கள். போன் இருக்கலாம், அதைப் பிடுங்கி உடைத்திருந்தால் அதுவும் இருக்காது. நாள் பார்த்து, பை கட்டி வெளியேறுகிறவர்கள் குறைவு. ராத்திரி கதவைத் திறந்து ஓடிவருகிறவருக்குப் பீரோவில் ஆதார் அட்டை தேட ஏது நேரம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு போன் செய்தோ, போலீஸ் ஸ்டேஷன் வழியாகவோ, பக்கத்து வீட்டு அக்கா சொல்லியோ ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கோ, தொண்டு நிறுவனம் நடத்துகிற காப்பகத்துக்கோ வந்து சேர்கிறார். அங்கே அவருக்கு என்ன பொருள் தேவைப்படுகிறது, அதில் எது கிடைக்கிறது, எதை எல்லோரும் மறந்துவிடுகிறோம் என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். சோப்பு, சீப்பு, பாய், குக்கர் என்று சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அந்தப் பெண் திரும்ப அதே வீட்டுக்குப் போவாரா மாட்டாரா என்பது பல நேரம் இதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

முதலில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், 18 முதல் 49 வயதுக்குள் திருமணமான பெண்களில் கணவரின் வன்முறையை எப்போதாவது அனுபவித்தவர்கள் இந்திய அளவில் 29.3 சதவீதம், தமிழ்நாட்டில் 38.1 சதவீதம். நாம் பல விஷயத்தில் முன்னால் நிற்கிற மாநிலம்தான், இதிலும் முன்னால் நிற்கிறோம். வன்முறைக்கு ஆளானவர்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் நாடு முழுக்க 14 சதவீதம்தான் என்றும் அதே கணக்கெடுப்பு சொல்கிறது. அந்த உதவியும் பெரும்பாலும் அம்மா வீடு, சொந்தக்காரர்கள் என்று முடிந்துவிடும். காப்பகம் வரை வருகிறவர்கள் அதற்குள்ளும் சின்னக் கூட்டம், அவர்களிலும் பலர் திரும்பிப் போகிறார்கள். பிள்ளைகள், பயம், "ஊர் என்ன சொல்லும்", இன்னும் மிச்சமிருக்கிற பாசம் என்று ஆயிரம் காரணம் உண்டு. பேசப்படாத ஒரு காரணம், வெளியே போய் ஒரு ரூம் எடுத்தால் அதில் ஒரு வேளை சோறு பொங்கக்கூட எதுவும் இல்லை என்பது.

ஒருங்கிணைந்த சேவை மையங்கள் ('சகி' என்றும் சொல்வார்கள்) 2015 ஏப்ரலில், பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியில் தொடங்கப்பட்டவை. மருத்துவம், போலீஸ், சட்ட உதவி, கவுன்சலிங் எல்லாம் ஒரே கூரைக்குள், கூடவே 5 நாள் வரை தற்காலிகத் தங்கல். அதற்கு மேல் தங்க வேண்டுமென்றால் ஸ்வாதார் கிரஹ் என்று முன்பு இருந்த இல்லங்கள்; மத்திய அரசின் மிஷன் சக்தி திட்டம் வந்த பிறகு அவை சக்தி சதன் ஆகிவிட்டன. இவை தவிரத் தொண்டு நிறுவனங்களின் காப்பகங்கள். 5 நாள் தங்குகிறவருக்குத் தேவைப்படுகிற பொருள் ஒன்று, ஆறு மாதம் தங்குகிறவருக்கு வேறு, அங்கிருந்து தனியாகக் குடித்தனம் போகிறவருக்கு முற்றிலும் வேறு. நன்கொடை கொடுக்கிற நாம் மூன்றையும் போட்டுக் குழப்பி ஒரு மூட்டைப் பழைய புடவையாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

காப்பகத்துக்கு வந்து சேர்ந்த அன்று ராத்திரிக்கு என்ன வேண்டும்? மாற்றுத்துணி, அதிலும் நைட்டி அல்லது சுடிதார். துண்டு, சோப்பு, பிரஷ், பேஸ்ட், சீப்பு, தேங்காய் எண்ணெய், நாப்கின். செருப்பு, ஏனென்றால் பலர் வெறுங்காலோடு வருகிறார்கள். அப்புறம் உள்ளாடை. இதைத்தான் யாரும் கொடுப்பதில்லை, கொடுக்கக் கூச்சம், கொடுத்தாலும் பழசு. புதுசாக, மூன்று நான்கு அளவுகளில் இருப்பு வைத்திருக்க வேண்டிய பொருள் இது. இன்னொன்று கண்ணாடி. மூக்குக்கண்ணாடி இல்லாமல் ஓடிவந்தவரிடம் ஒரு மனுவை நீட்டிப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்வது எவ்வளவு அபத்தம். சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, பிள்ளைக்கு வீசிங் இருந்தால் இன்ஹேலர், இவையும் அந்த வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடுகிறவை.

என் பார்வையில் முதல் நாள் பையில் கட்டாயம் இருக்க வேண்டிய இன்னொரு பொருள் ஒரு பூட்டும் சாவியும். காப்பகத்தில் பொது அலமாரி இருக்கும், கூட நான்கைந்து குடும்பம் இருக்கும். போனிலிருந்து பர்ஸ் வரை எல்லாவற்றையும் இன்னொருத்தர் சோதனை போட்டுக்கொண்டே இருந்த வீட்டிலிருந்து வருகிறவருக்குத் தன் சாவி என்று ஒன்று இருப்பது பெரிய விஷயம். விலையும் அதிகமில்லை.

பேரிடர் நிவாரணத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் ஓட்டை எங்கே என்று தெரியும். வெள்ளத்திலோ போரிலோ வீடிழந்தவருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று உலக அளவில் ஸ்பியர் கையேடு என்று ஒன்று இருக்கிறது. ஆளுக்குக் குறைந்தது இரண்டு செட் முழு உடை, மாதம் 250 கிராம் குளியல் சோப்பு, 200 கிராம் துணி சோப்பு, நாலைந்து பேர் குடும்பத்துக்கு மூடியோடு இரண்டு சமையல் பாத்திரம், ஒரு கத்தி, இரண்டு கரண்டி என்று கிராம் கணக்கு வரை எழுதி வைத்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் மாநிலப் பேரிடர் நிதி விதிகளில், வெள்ளத்தில் வீடு முழுதாகப் போன குடும்பத்துக்குத் துணிமணிக்கு 2,500 ரூபாய், பாத்திரம் பண்டத்துக்கு 2,500 ரூபாய் என்று தனித்தனியாக எழுதியே இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு தமிழ்நாடு அரசு ரேஷன் கார்டுக்கு 6,000 ரூபாய் கொடுத்தது நினைவிருக்கும். தண்ணீர் அடித்துக்கொண்டு போன சட்டிபானைக்கு நிவாரணம் என்று ஒன்று உண்டு. கணவர் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியதால் போன சட்டிபானைக்கு அப்படி ஒன்று கிடையாது, கோர்ட்டுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும்.

சட்டம் இதைப் பற்றிப் பேசவில்லை என்று சொல்ல முடியாது, நன்றாகவே பேசுகிறது. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் (நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26) அடியை மட்டும் வன்முறையாகப் பார்க்கவில்லை. பொருளாதார வன்முறை என்று தனியாக ஒன்றை வைத்து, வீட்டுக்கு அவசியமானவற்றைக் கொடுக்காமல் இருப்பது, வீட்டுப் பொருட்களை விற்றுத் தீர்ப்பது, சீதனத்தை (கல்யாணத்தை ஒட்டிப் பெண்ணுக்கென்று வந்த நகை, பொருள்) அனுபவிக்க விடாமல் செய்வது எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுவந்திருக்கிறது. இந்தச் சட்டப்படி நியமிக்கப்படுகிற பாதுகாப்பு அலுவலர் நிரப்புகிற குடும்ப நிகழ்வு அறிக்கையிலும் இவற்றுக்குத் தனித்தனிக் கட்டம் உண்டு, சீதனப் பட்டியலை இணைக்கவும் இடம் உண்டு. 19-வது பிரிவின்படி சீதனத்தையும் மற்ற உடைமைகளையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். உடைத்த, எடுத்துக்கொண்ட பொருளுக்கு 20-வது பிரிவில் பண நிவாரணம் கேட்கலாம். சீதனம் முழுக்க மனைவிக்கே சொந்தம், கணவர் அதை வெறுமனே கையில் வைத்திருக்கிறார் அவ்வளவுதான் என்று பிரதிபா ராணி வழக்கில் 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நம் ஊர்ச் சீர்வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டில், பீரோ, கிரைண்டர், பித்தளை அண்டா, எவர்சில்வர் குடம், டிபன் கேரியர் வரை வரிசை கட்டி வைத்து, அதில் பாதிக்கு மேல் பெண்ணின் பெயரை வெட்டியே கொடுப்பார்கள். பாத்திரக் கடையில் பெயர் வெட்ட நிற்கிற வரிசையைப் பார்க்காதவர் யார். யாருடைய பொருள் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சாட்சி வேண்டாம். பெயர் ஒருபக்கம் கிடக்கட்டும், பொருள் இருப்பது அவர் போக முடியாத வீட்டின் பரணில். 1985-ல் வந்த இன்னொரு விதிப்படி கல்யாணத்தில் வந்த அன்பளிப்புகளுக்குக் கையெழுத்திட்ட பட்டியல் வைத்திருக்க வேண்டும். எத்தனை கல்யாணத்தில் வைக்கிறார்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மனுவை முதல் விசாரணை நாளிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அது இழுத்துக்கொண்டே போகும் என்பது கோர்ட் வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். அதனால் பல பேர் மகளிர் காவல் நிலையத்திலேயே பேசி முடித்துக்கொள்கிறார்கள். "சரிம்மா, உன் சாமானையெல்லாம் எடுத்துக்கோ" என்று ஒரு நாள் குறிப்பார்கள், இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வருவார்கள், ஒரு குட்டியானையில் கட்டில், பீரோ, அண்டா எல்லாம் ஏறும். இதில் ஒரு கூத்து என்னவென்றால், அந்த வண்டி எங்கே போய் நிற்கும்? காப்பகத்தில் பீரோ வைக்க இடம் கிடையாது, காப்பக முகவரியை வண்டிக்காரரிடம் சொல்லவும் கூடாது. அம்மா வீடு என்று ஒன்று இருந்து, அவர்கள் ஏற்றுக்கொண்டால் அங்கே போகும். இல்லையென்றால் வந்த விலைக்கு விற்க வேண்டியதுதான். பத்துக்குப் பத்து அடியில் பூட்டி வைக்கிற ஒரு கிடங்கு, மாவட்டத்துக்கு ஒன்று, இருந்தால் போதும். நானறிய யாரும் இதைக் கேட்டதாகத் தெரியவில்லை, ஆனால் பத்து மூட்டைத் துணியைவிட இது உபயோகமான நன்கொடை.

இனி ரேஷன் கார்டு விஷயம். வீட்டுச் சாமானை அரசே கொடுக்கலாம் என்று நாட்டுக்குக் காட்டியதே தமிழ்நாடுதான். 2006-க்குப் பிறகு கலர் டிவி, 2011 செப்டம்பரிலிருந்து மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. கேலி செய்தவர்கள் செய்தார்கள், ஆனால் அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் போன நேரம் மிச்சமானது பெண்களுக்குத்தான். எல்லாமே கார்டுக்கு ஒன்று. கார்டு ஒரு வீட்டுக்கு. அந்த வீட்டிலிருந்து ஒருத்தர் உயிர் பிழைத்து வெளியே வந்தால் அவர் எந்தக் கார்டிலும் இல்லாத ஆள், அல்லது அதைவிட மோசமாக, இன்னும் கணவரின் கார்டிலேயே பெயர் இருக்கிற ஆள். அந்தப் பெயரை நீக்காமல் புதுக் கார்டு கிடைக்காது. அரிசி அங்கே போய்க்கொண்டிருக்கும், சாப்பிடுகிறவர் இங்கே இருப்பார்.

கேஸ் இணைப்பிலும் இதே கதை. உஜ்வலா திட்டத்தில் 2016 முதல் பெண்ணின் பெயரில்தான் இணைப்பு கொடுக்கிறார்கள், நல்ல நோக்கம்தான். அந்தப் பெண் வேறு ஊருக்குப் போய் இணைப்பை மாற்ற வேண்டுமென்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைக்க வேண்டும். இரண்டும் கணவரின் அடுப்படியில் இருக்கின்றன. பழைய இணைப்பு அவர் ஆதாரில் நிற்பதால் புதிதாக இன்னொன்றும் வாங்க முடியாது. இந்த இடத்தில் கைகொடுப்பது 5 கிலோ சின்ன சிலிண்டர். இண்டேனில் 'சோட்டு' என்று விற்பதற்கு முகவரிச் சான்று கேட்பதில்லை, ஓர் அடையாள அட்டை போதும். சில பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கும். காப்பகத்தில் வேலை செய்கிறவர்கள் இதை அறிந்து வைத்திருந்தால் ஒரு மாத அலைச்சல் மிச்சம்.

அந்த அடையாள அட்டைக்கே திண்டாட்டம் என்றால்? ஆதாரை ஆன்லைனில் இறக்கலாம், ஆனால் ஓடிபி பதிவு செய்த போனுக்குப் போகும், அந்த நம்பர் பெரும்பாலும் கணவருடையது. பிளாஸ்டிக் அட்டைக்கு ஆர்டர் போட்டால் அது தபாலில் பதிவான முகவரிக்கே, அதாவது தப்பி வந்த வீட்டுக்கே போய்ச் சேரும். பதற்றத்தில் இதைச் செய்துவிடக்கூடும், செய்தால் அந்தப் பெண் ஏதோ ஏற்பாடு செய்கிறார் என்று அங்கே தெரிந்துவிடும். நேரில் ஆதார் மையத்துக்குப் போய்க் கைரேகை வைத்து போன் நம்பரை மாற்றுவது ஒரு வழி. அதற்கு முதலில் ஒரு புது சிம் வேண்டும். அத்தியாவசியப் பொருள் பட்டியலில் ஒரு சாதாரண பட்டன் போனும் சேர வேண்டும் என்று சொல்வது இதனால்தான். ஸ்மார்ட்போன் கொண்டுவந்திருந்தால் அதில் லொகேஷன் யாருக்கும் பகிரப்படுகிறதா, கூகுள் கணக்கு வேறு யார் கையிலும் திறந்திருக்கிறதா என்று முதல் நாளே பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நான் நினைப்பது காப்பகத்திலிருந்து வெளியேறுகிற நாள். ஒரு வேலை கிடைத்திருக்கும், துணிக்கடையிலோ கம்பெனியிலோ. ஒரு ரூம் பார்த்திருப்பார்கள். "கூட யாரும்மா இருக்காங்க" என்று வீட்டு ஓனர் கேட்கிற கேள்வியைத் தாண்டினால் அட்வான்ஸ் வந்து முன்னால் நிற்கும். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது. சென்னையில் பத்து மாதம் கேட்பது இன்னும் சாதாரணம். 5,000 ரூபாய் ரூமுக்கு 15,000-ஆ 50,000-ஆ என்பதுதான் அந்த வித்தியாசம். கையில் இருக்கிற பணமும், காதில் கிடந்த தோடும் அதற்கே போய்விடும். சாவி வாங்கிக் கதவைத் திறந்தால் நான்கு சுவர், ஒரு பல்ப் ஹோல்டர், அதில் பல்ப் கூட இருக்காது.

அந்த அறைக்கு என்ன வேண்டும் என்று எழுதிப் பார்த்தால்தான் உறைக்கும். அடுப்பு, மூன்று லிட்டர் குக்கர், சாதப் பானை, வாணலி, தோசைக்கல், கரண்டி, தட்டு, டம்ளர், அரிவாள்மனை அல்லது கத்தி, குடம், வாளி, மக், பாய், தலையணை, போர்வை, பல்ப், துணி காயப்போடக் கயிறு, துடைப்பம், மளிகை போட்டு வைக்க நாலு டப்பா, மின்விசிறி, ஒரு நல்ல பூட்டு. மிக்சி ஆடம்பரம் இல்லை, காலை எட்டரைக்கு வேலைக்குப் போகிறவர் பிள்ளைகளுக்குச் சட்னி அரைக்க வேறு வழி கிடையாது. ஒவ்வொன்றும் சின்னத் தொகைதான், மொத்தமாகக் கூட்டினால் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும். முதல் சம்பளம் வருவது ஒரு மாதம் கழித்து. இந்த ஒரு மாத இடைவெளியில்தான் "போதும், வந்துடு, பிள்ளைங்களை ஏன் கஷ்டப்படுத்துறே" என்ற போன் வருகிறது, அந்த போன் வருகிற நேரம் பார்த்து வீட்டில் அரிசி தீர்ந்திருக்கிறது.

கேஸா இண்டக்‌ஷன் அடுப்பா என்று ஒரு கேள்வி வரும். இண்டக்‌ஷன் உடனே கிடைக்கும், சான்று எதுவும் வேண்டாம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், ஆனால் சப்-மீட்டரில் வாடகைக்கு இருக்கிறவருக்கு அந்த இலவசம் அநேகமாகக் கிடைக்காது, ஓனர் சொல்கிற ரேட்தான். பாத்திரமும் அதற்கேற்ற அடிப்பாகம் உள்ளதாக இருக்க வேண்டும், நன்கொடையில் வந்த அலுமினியச் சட்டி அதில் சூடாகாது. ஆகவே பொதுவாக நான் கேஸ் பக்கம். விதிவிலக்கு ஒன்று உண்டு. குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்காகச் சென்னையில் 2001 முதல் வேலை செய்யும் பி.சி.வி.சி. என்ற தொண்டு நிறுவனம் தீக்காயத்திலிருந்து பிழைத்த பெண்களுக்காக 'விடியல்' என்ற மையத்தை நடத்துகிறது. உடம்பில் நெருப்பு வைக்கப்பட்ட, அல்லது தானே வைத்துக்கொள்ளும் நிலைக்குத் தள்ளப்பட்ட ஒருவரிடம் தீக்குச்சியும் பர்னரும் கொண்ட அடுப்பைக் கொடுத்து "இந்தாம்மா, புது வாழ்க்கை" என்று சொல்ல முடியுமா. அவர்களுக்கு இண்டக்‌ஷன், சருமத்தில் உரசாத மெல்லிய பருத்தித் துணி, மின்விசிறி. ஒரே பட்டியலை அச்சடித்து எல்லோருக்கும் கொடுக்க முடியாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

பணமாகக் கொடுத்துவிடலாமே என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தனக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும், பல வருடம் பத்து ரூபாய்க்கும் கணக்குச் சொல்லி வாழ்ந்தவர் கடைக்குப் போய்த் தானே ஒரு குக்கரைத் தேர்ந்தெடுப்பது நல்லதுதான். ஆனால் கையில் பணமாக இருந்தால் அட்வான்ஸ், பழைய கடன், பிள்ளை ஃபீஸ் மூன்றும் சேர்ந்து அதைத் தின்றுவிடும், பாய் வாங்குவது கடைசிக்குப் போகும். அட்வான்ஸுக்குத் தனியாக ஓர் ஏற்பாடு, சாமானுக்கு ஒரு பாத்திரக் கடையில் அவரே போய் எடுத்துக்கொள்கிற மாதிரி கணக்கு, இரண்டும் சேர்ந்தால் சரியாக இருக்கும்.

நன்கொடை கொடுக்கிறவர்களிடம் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் சாலையோரம் குவிந்து மழையில் நனைந்து கிடந்த பழைய துணி மலைகளை நாடே பார்த்தது. கிழிந்தது, சாயம் போனது, கொக்கி இல்லாத பிளவுஸ், இவையெல்லாம் காப்பகத்துக்கு வேலையைத்தான் கூட்டுகின்றன, பிரிக்கவும் எரிக்கவும் ஆள் வேண்டும். பிறந்தநாளுக்கு இல்லங்களில் ஒரு வேளை சாப்பாடு போடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை நிறுத்தச் சொல்லவில்லை, ஒரு வருடம் அந்தச் செலவில் ஒரு குக்கரும் ஒரு அடுப்பும் வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். கொடுக்கும்போது நேரில் போய் நிற்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும் என்று நினைக்கக் கூடாது. காப்பகத்தின் முகவரி வெளியே தெரியாமல் இருப்பதுதான் உள்ளே இருப்பவர்களின் பாதுகாப்பு. பின்னணியில் தெரிகிற ஒரு டீக்கடை போர்டு போதும், தேடுகிறவன் கண்டுபிடித்துவிடுவான். நிறுவனத்தின் அலுவலக முகவரிக்கு அனுப்புங்கள், ஆன்லைனில் ஆர்டர் செய்தாலும் அங்கேயே.

பிள்ளைகள் விஷயத்தில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. அரசுப் பள்ளியில் புத்தகம், நோட்டு, சீருடை, பை இலவசம். எட்டாம் வகுப்பு வரை டிசி வரத் தாமதமாகிறது என்று சொல்லி அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. வருடத்தின் நடுவில் சேர்கிற பிள்ளைக்குப் புத்தகம் உடனே கையிருப்பில் இல்லாமல் போகலாம், அந்த மாதிரி சமயத்தில் ஒரு செட் பழைய புத்தகம் உண்மையிலேயே உதவும். பழசாக வாங்கிக்கொள்ளக்கூடிய பொருட்களில் இது ஒன்று, மின்விசிறி இன்னொன்று, ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்தால்.

கடைசியாக இரண்டாவது சிலிண்டர். தனிக்குடித்தனம் வைத்துக்கொடுக்கிறவர்கள் அடுப்பும் ஒரு சிலிண்டரும் ஒரு மாத மளிகையும் வாங்கிக்கொடுத்து வேலையை முடித்துக்கொள்கிறார்கள். 5 கிலோ கேஸ் மூன்று பேர் சமையலுக்கு ஒரு மாதம் ஓடாது, மானியமும் அதற்குக் கிடையாது. முதல் சம்பளத்தில் வாடகை போய், ரேஷன் கார்டு இன்னும் வராமல், கோர்ட்டில் அடுத்த வாய்தா வாங்கியிருக்கிற அந்த இரண்டாவது மாதத்துக்கும் சேர்த்துத்தான் பணம் ஒதுக்க வேண்டும்.